தென்னோஜியில் காலியாகும் இடம்

“ஏம்மா, இப்ப உட்கார்ந்துட்டு வந்தியே, அது யாரோட இடம்னு தெரியுமா?”

எசாகா நிலையத்தின் நகரும் படியில், ஷிஹோவின் தோளுக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கைப்பைக்குள் எதையோ தேடுகிற ரகம் அவள். படியில் ஓடவும் வழியில்லை.

“ரயில்ல... காலியா இருந்துச்சு. உட்கார்ந்தேன்.”

“காலியா இருந்துச்சா! தென்னோஜி வரைக்கும் அதுல ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரே. அவர் எந்திரிப்பாருன்னு உனக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. சும்மாதான் அங்க நின்னேன்.”

“சும்மா நின்னாளாம். பத்து வருஷமா நான் அங்க நிக்கிறேன், ஒரு நாள்கூடச் சும்மா நின்னதில்ல. இன்னைக்கு ஏறும்போது எவனோட கிடார் பையோ குறுக்கே வந்து ரெண்டு நொடி தாமதம். அதுக்குள்ள பட்டாவை உன் பேருக்கு மாத்திக்கிட்ட.”

“மன்னிச்சிடுங்க. நாளையிலேர்ந்து வேற இடத்துல நிக்கிறேன்.”

“சமர்த்து. ஆபீஸ் எங்க?”

கதவுக் கைப்பிடி விற்கும் நிறுவனத்தின் பெயரை ஷிஹோ சொன்னாள்.

“அட, நம்ம கம்பெனி! நான் ரெண்டாவது மாடி, குசுமோட்டோ. புகார் போன் எடுக்கிறது நான்தான்.” அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. நகரும் படியின் முடிவில் மறுபடி சுருங்கியது. “ஆனா அது வேற, இது வேற. நாளைக்கு அங்க நிக்காதே.”

குசுமோட்டோ சிஸுருவுக்கு இப்போது வயது அறுபத்து மூன்று. குள்ளம். கழுத்தில் ஒரு கைக்குட்டை, வலது முட்டியில் தோல்நிறப் பட்டை. கைப்பையில் எப்போதும் புளிப்புக் கடற்பாசிப் பொட்டலம் ஒன்று இருக்கும். சிக்னலில் நிற்பவர், மின்தூக்கியில் மாட்டியவர், தபால் கொண்டுவருபவர் என்று ஒசாகா நகரில் அவரிடம் கடற்பாசி வாங்காதவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால், திறந்த வாய்க்குள் போட்டுவிடுவார்.

புகார் போனில் அவருக்கு நிகர் அவர்தான். ஒருமுறை யாரோ ஒருவர் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டதாகக் கத்தினார். “இப்ப நீங்க கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கீங்க?” என்று கேட்டார் குசுமோட்டோ. கழிவறைக்கு உள்பக்கம். பூட்டுக்காரர் வந்து சேரும்வரை முக்கால் மணி நேரம் பேசி, அந்த மனிதரின் மகளுக்கு வந்திருந்த மூன்று வரன்களில் எது தேறும் என்றும் சொல்லி, கடைசியில் அதே கைப்பிடியில் இன்னும் நான்கை அவர் தலையில் கட்டிவிட்டார்.

இத்தனை திறமைசாலியை நிறுவனம் போற்றிப் பாதுகாக்கிறது. அறுபது முடிந்ததும் ஓய்வு கொடுத்து, மறுநாளே பாதிச் சம்பளத்தில் அதே நாற்காலியில் உட்கார வைத்தது. ஒவ்வொரு ஜூனிலும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். அந்த முட்டிப் பட்டையைப் பார்த்த நாளிலிருந்து பிரிவுத் தலைவர் மிகவும் கரிசனமாக இருக்கிறார். “இவ்வளவு தூரம் வர்றது சிரமமா இருந்தா, உடம்பை வருத்திக்க வேணாம், குசுமோட்டோ-சான்.” அங்கே யாரும் யாரையும் போகச் சொல்வதில்லை. உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம் என்பார்கள், அவ்வளவுதான்.

வைத்தியர் கரிசனமெல்லாம் காட்டவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதே என்றார். அவர் ஏறும் நாகாயிலிருந்து தென்னோஜிக்கு மூன்று நிலையங்கள், அதுவரை நிற்கலாம். அங்கிருந்து எசாகாவுக்குப் பன்னிரண்டு. நடுவில் உமேடாவில் பாதி ரயில் காலியாகும்தான். ஆனால் உமேடா வருவதற்குள் முட்டி ரொட்டிபோல் உப்பிவிடும். ஆக, தென்னோஜியில் இடம் கிடைத்தால் குசுமோட்டோவுக்கு வேலை உண்டு. கிடைக்காவிட்டால் ஜூனில் வழியனுப்புப் பூங்கொத்து.

மூலையில் முதியோருக்கான இருக்கை இருக்கிறதே என்று, இதற்குள் அவர் பக்கத்தில் நின்று வரப் பழகிவிட்ட ஷிஹோ ஒருமுறை சொல்லிவிட்டாள்.

“அங்க கிழவிங்க உட்காருவாங்க.”

“உடம்புக்கு முடியாதவங்க பையில மாட்டிக்க ஒரு சிவப்பு அட்டை தர்றாங்களே? அதைப் பார்த்தா யாராவது...”

“என் முட்டிக்கு விளம்பரப் பலகையா? எடம் குடுத்தா வாங்கிக்கிறவ கிழவி. எந்திரிச்ச எடத்துல உட்கார்றவ பயணி. வித்தியாசம் புரியுதா?”

ஷிஹோவுக்குப் புரியவில்லை. தலையாட்டினாள்.

ரயிலில் குசுமோட்டோ யாருடைய பெயரையும் அறிய முயன்றதில்லை. எங்கே இறங்குகிறார்களோ அதுதான் பெயர். நாம்பாக்காரன், ஹோம்மாச்சி அம்மா, ஒரே அச்சில் வார்த்த மூன்று யோதொயாபாஷிகள். அவர்கள் வாழ்க்கை முழுவதும் அவருக்கு அத்துப்படி. “நாம்பாக்காரன் சட்டைக்கு இஸ்திரி இல்ல கவனிச்சியா? பொண்டாட்டி போயிட்டா.” ஒருவர் எழப்போகிறாரா என்பதைக் கண்டுபிடிக்கவும் விதிகள் வைத்திருந்தார். போனைப் பையில் போடுவதை நம்பக் கூடாது, மறுபடி எடுப்பார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் நம்பலாம். தூங்குகிறவன் திடுக்கிட்டு வெளியே பார்த்தால், அவன் இறங்க வேண்டிய நிலையம் போயே போய்விட்டது; அவன் முன்னால் நிற்பது அதிர்ஷ்டம்.

இந்த ரயில் குடும்பத்தின் தலைவர் தென்னோஜிக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சாம்பல் நிறக் கோட்டு, செய்தித்தாளைக் காகிதத்தில் படிக்கும் கடைசிச் சிலரில் ஒருவர். தென்னோஜிக்கு முந்தின ஷோவாச்சோவில் ரயில் நிற்கும்போது தாளை நான்காக மடிப்பார். தென்னோஜி வெளிச்சம் தெரிந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் முட்டியில் வைப்பார். எழுவார். அவருடைய கோட்டின் வால் இருக்கையை விட்டு விலகுவதற்குள் குசுமோட்டோ உட்கார்ந்திருப்பார். பதினோரு வருடமாக, விடுமுறை நாட்கள் நீங்கலாக, இதுதான்.

ஊரெல்லாம் கடற்பாசி ஊட்டிய இந்த அம்மாள், அந்த மனிதரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. “பேசினா பழக்கமாயிடும். பழக்கமானா முட்டியைப் பத்தி விசாரிப்பாரு. விசாரிச்சா, நாகாய்லயே எந்திரிச்சு ‘உட்காருங்கம்மா’ம்பாரு. அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறது?”

ஷிஹோ வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகி, மறுபடி ஏப்ரல் பிறந்தது. ஊர் முழுவதும் இடமாற்றல் ஆணைகள் பறக்கிற மாதம். முதல் திங்களன்று ஷோவாச்சோ வந்தது, தாள் மடங்கவில்லை. தென்னோஜி வந்தது, உள்ளங்கைகள் முட்டிக்கு வரவில்லை. கதவு திறந்து, மூடி, ரயில் கிளம்பியது. தென்னோஜிக்காரர் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினார். குசுமோட்டோவின் முகத்தை ஷிஹோ பார்த்தாள். திருமண மண்டபத்தில் மாப்பிள்ளையைக் காணோம் என்றால் பெண்ணின் அம்மாவுக்கு இப்படித்தான் இருக்கும். அந்த மனிதர் எசாகாவுக்கு முந்தின நிலையமான ஹிகாஷி-மிகுனியில் நிதானமாக இறங்கிப் போனார்.

“ஹிகாஷி-மிகுனியாம்!” நடைமேடையில் நொண்டியபடி கொதித்தார் குசுமோட்டோ. “அந்த ஊர்ல என்ன இருக்கு? ஒரு நல்ல நூடுல்ஸ் கடை உண்டா?”

“ஆபீஸ் மாறியிருக்கும்.”

“பதினோரு வருஷம்! ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?”

“நீங்க அவர்கிட்ட பேசினதே இல்லையே.”

“அதுக்காக?”

செவ்வாயும் அப்படியே. புதனன்று குசுமோட்டோ ஹோம்மாச்சி அம்மாள் முன்னால் நின்று பார்த்தார். அங்கே ஏற்கெனவே ஒரு முதுகுப்பைக்காரன் பாத்தியதை கொண்டாடினான். வியாழனன்று பழைய இடத்துக்கே திரும்பினார். தென்னோஜி தாண்டி ஒரு வளைவில் ரயில் குலுங்கியது. முட்டி மடங்கியது. பிடித்துக்கொள்ள அகப்பட்டது தென்னோஜிக்காரரின் செய்தித்தாள்தான். அது பாதியாகக் கிழிந்தது.

“மன்னிக்கணும்,” என்றார் குசுமோட்டோ.

“இல்லைங்க, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்,” என்றார், தாளைப் பறிகொடுத்தவர்.

பதினோரு வருட உறவின் முதல் உரையாடல் இவ்வாறு இனிதே நிறைவேறியது. அவர் பார்வை முட்டிப் பட்டைக்குப் போனது. உடம்பு இருக்கையிலிருந்து இரண்டு அங்குலம் எழும்பியது. குசுமோட்டோ அவரை ஒரு பார்வை பார்த்தார். புகார் போனில் இருபது வருடம் பழகியவரின் பார்வை அது. இரண்டு அங்குலமும் கீழே இறங்கியது. எசாகாவில் படியிறங்கக் குசுமோட்டோ ஷிஹோவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மறுநாள் விடுப்பு. பிரிவுத் தலைவர் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து, உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று மறுபடி அன்பு பொழிந்தார்.

அடுத்த திங்கள். ஷோவாச்சோவில் தாள் மடிந்தது. தென்னோஜியில் உள்ளங்கைகள் முட்டிக்கு வந்தன. அவர் எழுந்து, இறங்கி, நடைமேடைக் கூட்டத்தில் மறைந்தார். குசுமோட்டோ உட்கார்ந்தார்.

“பார்த்தியா?” அன்று அலுவலகம் வரும்வரை அவர் வாய் ஓயவில்லை. “திரும்பத் தென்னோஜிக்கே மாத்திட்டாங்க! ஒரு வாரத்துல அவங்களுக்கே புரிஞ்சிருக்கும், அங்க ஒண்ணும் இல்லைன்னு.” இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி, கீழே காவலாளி, எல்லோருக்கும் செய்தி போயிற்று. கடற்பாசியும் போயிற்று.

மூன்றாவது நாள், பெட்டிகளுக்கு இடையிலான கண்ணாடிக் கதவோரம் கூட்டத்தால் தள்ளப்பட்டு நின்ற ஷிஹோ, அடுத்த பெட்டிக்குள் தற்செயலாகப் பார்த்தாள். சாம்பல் நிறக் கோட்டு. ஒரு கையில் தொங்கும் பிடிவளையம், இன்னொரு கையில் செய்தித்தாள். ஹிகாஷி-மிகுனியில் அவர் அங்கிருந்து இறங்கினார். மறுநாளும் பார்த்தாள். அந்த மனிதர் தென்னோஜியில் இறங்குவார், நடைமேடையில் பத்தடி ஓட்டமும் நடையுமாகப் போவார், கதவு மூடுவதற்குள் அடுத்த பெட்டியில் தொற்றிக்கொள்வார். கோட்டைச் சரிசெய்துகொள்வார். இவ்வளவு பாடுபட்டு ஒருவர் ரயிலில் நின்றுகொண்டு போவதை அவள் கண்டதில்லை.

சொல்லவா, வேண்டாமா? சொன்னால் இந்த அம்மாள் அந்த இருக்கையில் இனி உட்காரமாட்டார். ஜூனுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சொல்லாவிட்டால் தினமும் “திரும்ப மாத்திட்டாங்க”வுக்குத் தலையாட்ட வேண்டும். ஷிஹோவுக்குத் தலையாட்டுவது எளிது. அதையே செய்தாள்.

மே மாதத்தில் ஒரு மழைநாள். குடைகளோடு தென்னோஜியில் ஏறிய கூட்டத்தில் அடுத்த பெட்டி நிரம்பி வழிந்தது. பத்தடி ஓடிய தென்னோஜிக்காரருக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. திரும்பி ஓடிவந்து, இதே பெட்டியின் கடைசிக் கதவில் நுழைந்துவிட்டார். பின்னால் ஏறியவர்கள் அவரை உள்ளே தள்ளிக்கொண்டே வந்தார்கள். இன்னும் ஐந்து பேர் தள்ளி அவர் முகம் தெரிந்தது; கடன்காரனைப் பார்த்தவர்போல் அது விளம்பரத்தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஷிஹோ சட்டென்று நகர்ந்து, உட்கார்ந்திருந்த குசுமோட்டோவுக்கு அந்தப் பக்கம் தெரியாதபடி நின்றாள்.

“எதுக்கு மறைக்கிற?” குசுமோட்டோ குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல.”

“எனக்குத் தெரியும்டி.”

ஷிஹோ குனிந்தாள். “எப்பலேர்ந்து?”

“மொத நாளே. எப்பவும் தாளை நாலா மடிக்கிறவரு, அன்னைக்கு எட்டா மடிச்சாரு. ஒரு கையில பிடிச்சு நின்னுக்கிட்டே படிக்கிறவன்தான் எட்டா மடிப்பான். இறங்கி ஆபீஸுக்கு நடக்கிறவனுக்கு எதுக்கு எட்டு?”

“அப்புறம் ஏன் ஊரெல்லாம் மாத்திட்டாங்க மாத்திட்டாங்கன்னு...”

“வேற என்னத்தச் சொல்றது? பாவம், அவ்வளவு ஓடுறாரு. எடம் ஒண்ணும் அவர் குடுக்கல. இறங்கிப் போனாரு, நான் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. நீ என்ன பார்த்த?”

“அவ்வளவுதான்.”

ரயில் வேகம் குறைந்தது. கூட்டம் மறுபடி ஒருமுறை நெருக்கியது. ஐந்து பேர் மூன்று பேரானார்கள். இன்னும் ஒரு நிலையம் வந்தால் அந்தச் சாம்பல் கோட்டு நேரே இந்த இருக்கைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியதுதான். குசுமோட்டோ கைப்பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டார். தலையைப் பின்னால் சாய்த்தார். கண்களை மூடிக்கொண்டு, உண்மைபோலத் தெரிய வேண்டும் என்று வாயையும் கொஞ்சம் திறந்துவைத்தார். பிறகு, திறந்த வாயை அசைக்காமல் சொன்னார்:

“நான் தூங்கிட்டேன். ஹிகாஷி-மிகுனில அவர் இறங்கினப்புறம் எழுப்பு.”