நடுவழியில் இறங்கிய பவானி

போன வாரம் முழுக்க எனக்கு முதுகு வலி. விசாரித்தவர்களிடம் எல்லாம் "வயசாச்சுல்ல..." என்று சமாளித்தேன். நிஜமான காரணம் வேறு. ஒரு பஸ்ஸை, பழைய மொபெட்டின் பின் சீட்டில் உட்கார்ந்து துரத்தினேன்!

ஓட்டியவர் என் பக்கத்து வீட்டு முருகேசன். ஆரணியில் பட்டு நெசவு செய்கிறவர். பஸ்ஸுக்குள் இருந்தது அவருடைய ஒரே மகள் பவானி. ப்ளஸ் டூ முடித்தவள்.

எங்கள் தெரு இளைஞர் மன்றத்தில் ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத பாடங்கள் — கேஸ் சிலிண்டர் மாட்டுவது, ஃப்யூஸ் போடுவது, நின்றுபோன வண்டியைக் கிளப்புவது, தெரியாத ஆளிடம் கூச்சமில்லாமல் பேசுவது. எலக்ட்ரீஷியன், நர்ஸ், மெக்கானிக் என்று தெருக்காரர்களே வந்து சொல்லித் தருகிறார்கள்.

பவானிக்கு இது ரொம்பவே தேவைப்பட்டது. பஸ்ஸில் அவள் வாய் திறந்து ஒரு டிக்கெட் கேட்டதில்லை. எங்கே போனாலும் முன்னால் அப்பா. முருகேசனையும் குறை சொல்வதற்கில்லை. தறியில் ஓர் இழை அறுந்தாலும் உடனே கண்ணில் பட்டாக வேண்டும். நாளெல்லாம் அப்படிப் பார்த்துப் பழகிய கண், மகளை மட்டும் பார்க்காமல் இருக்குமா?

மெக்கானிக் வகுப்பில் முதல் நாள் அவள் வண்டியையே தொடவில்லையாம். பட்டு நெய்கிற வீடு... கையில் கிரீஸ் படவே கூடாது. புடவையில் கறை ஒட்டினால் அத்தனை நாள் உழைப்பும் வீண். முருகேசனே தன் வண்டியின் செயினைத் தொட மாட்டார். அப்புறம் யாரோ தேங்காயெண்ணெய் தேய்த்து சோப்புப் போட்டால் போய்விடும் என்று சொன்னார்களாம். அதற்குப் பிறகு, வகுப்பில் முதல் ஆளாக ஸ்பேனரை எடுப்பது பவானிதான்!

அவளுக்கு வேலூரில் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும். முருகேசன் கறாராக ஒரு நிபந்தனை போட்டார்.

"நீயே தனியா வேலூர் போயி அட்மிஷன் போட்டுகினு வா. பயந்துகினு நடுவுல எறங்கினியோ, காலேஜ மறந்துடு. இங்கியே எதுனா படி."

சொன்னவர் சும்மா இருந்தாரா? அட்மிஷன் நாளன்று அவள் ஏறிய பஸ் கிளம்பியதும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், ஜல்தி வண்டில ஏறுங்க. பொண்ணு தனியா போய்கினு கீது!"

பெண்ணுக்குத் துணை அப்பா. அப்பாவுக்குத் துணை நான்!

பஸ் நின்று நின்று போனதால் பிழைத்தோம். கண்ணமங்கலத்தில் பஸ் நிற்க, நாங்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி, வண்டியை ஆஃப் செய்துவிட்டு ஒளிந்து நின்றோம். பஸ் கிளம்பியது. மொபெட் கிளம்பவில்லை. முருகேசன் மிதித்தார், மிதித்தார்... அது இருமியதோடு சரி.

"ப்ளக்க கழட்டித் தொடைக்கணும் போல கீது சார். நீங்க கொஞ்சம்..."

"எனக்கு ப்ளக் எங்கே இருக்குன்னே தெரியாதுங்க. நீங்களே பாருங்களேன்?"

"ஐயோ, தறியில சந்தனக் கலர் முகூர்த்தப் புடவ கீது சார். கையில கரி பட்டா பேஜாரா பூடும்!"

இரண்டு பெரிய மனிதர்கள், நான்கு சுத்தமான கைகள். என்ன பிரயோஜனம்?

அப்போதுதான் கவனித்தேன். கொஞ்ச தூரம் போன பஸ் நின்றிருந்தது. பவானி இறங்கி வந்துகொண்டிருந்தாள். போச்சு... படிப்பே போச்சு!

"நடுவுல எறங்கிட்ட பாத்தியா?" என்றார் முருகேசன்.

"பயந்துகினு எறங்கினாத்தானப்பா தப்பு? உனக்கோசரம் எறங்கினேன். ஆரணி தாண்டும்போதே உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டேன். நீ இங்க மிதிச்சிகினு நிக்கறத ஜன்னல்ல பாத்து, கண்டக்டர்கிட்ட சொல்லி பஸ்ஸ நிறுத்தினேன்."

கண்டக்டரிடம் சொல்லி! பவானி!

டீக்கடைக்காரரிடம் கேட்டு ஒரு ஸ்பேனர் வாங்கினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ப்ளக்கைக் கழற்றி, கரியைத் துடைத்து, திரும்ப மாட்டினாள். முருகேசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். பவானி ஒரே மிதி மிதித்தாள். வண்டி கிளம்பிவிட்டது. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார் — வண்டிப் புகை என்றார்.

டீக்கடைக் குழாயில் கை கழுவுவதற்குள் அடுத்த வேலூர் பஸ் வந்துவிட்டது. பவானியே கை காட்டி நிறுத்தினாள். படியில் நின்று திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"அப்பா, பாத்து மெதுவா போ! வூட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு போன் பண்ணு!"

முருகேசன் நல்ல பிள்ளையாக போன் பண்ணினார். சாயங்காலம் பவானி அட்மிஷன் ரசீதோடு வந்து சேர்ந்தாள். நடுவில் இறங்கியதைப் பற்றி முருகேசன் அப்புறம் வாயே திறக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தைரியம் வர ஒரு ஸ்பேனர் போதும் போலிருக்கிறது. பெற்றவர்களுக்குத்தான் நாளாகிறது.

திங்கள்கிழமையிலிருந்து பவானி தனியாகத்தான் காலேஜுக்குப் போகிறாள். முருகேசன் பின்னாலேயே கிளம்புவதில்லை. எப்படிக் கிளம்புவார்... மொபெட் சாவி அவள் கைப்பையில் அல்லவா இருக்கிறது!