சம்பந்தியம்மாவின் முன்னோடிகள்

நஞ்சுண்டனுக்குக் காலையில் காப்பி இறங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவரைப் பற்றி ஓர் இளக்காரம் இறங்கியாக வேண்டும். டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் அதற்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டு ஸ்ரீநிவாஸ் கொட்டும் மழையிலும் புல்லுக்கு ஸ்பிரிங்க்ளர் ஓடவிட்டிருப்பார். அடுத்த தெரு சபரிநாதன் இரண்டு பேர் குடியிருக்க ஐந்து பெட்ரூம் வீடு வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களிடம் ஒவ்வொரு கழிப்பறையாகத் திறந்து காட்டினார். அனுமார் கோயிலிலோ, மனசை அடக்க வழி கேட்டு வந்தவர்கள் பார்க்கிங்குக்காக ஒருவரை ஒருவர் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் பார்த்து, மூக்கின் வழியாக 'ஹும்' என்று ஒரு காற்று விடுவார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்.

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கோயமுத்தூரில் படித்து, டெக்சாஸுக்கு வந்து, இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் டேட்டாபேஸை இருபது வருஷத்துக்கு மேல் கட்டி மேய்த்துவிட்டு, போன வருஷம் ஓய்வு பெற்றார். "டேட்டாவுல பாதி குப்பை, மீதி பொய்" என்பார். மனிதர்களைப் பற்றியும் அதே அபிப்பிராயம்தான்.

அப்படிப்பட்டவரிடம் மகள் வெண்பா ஒரு நாள், ஹைஸ்கூலில் ஃபுட்பால் கோச்சாக இருக்கும் வெள்ளைக்காரப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். பையன் பெயர் கோடி.

"பேராச்சும் கோடியா இருக்கே, அது வரைக்கும் சந்தோசம்" என்றார் நஞ்சுண்டன்.

"அப்பா, ப்ளீஸ். ஹீ கேன் டெல் யூ ஆர் பீயிங் மீன்" என்றாள் வெண்பா.

கல்யாணத்துக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. மறுத்துப் பேசுவதற்குக்கூட எதிராளி மேல் கொஞ்சம் மரியாதை வேண்டும். அது அவரிடம் இல்லை.

கோடியின் அம்மா டார்லீன் ஹார்க்ரோவ், வடக்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் வரும் சின்ன ஊரில் தனியாக இருந்தாள். புருஷன் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. பல் டாக்டர் ஒருவரிடம் ரிசப்ஷனிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். சம்பந்தம் பேசவென்று நஞ்சுண்டனும் அவர் மனைவி தனபாக்கியமும் முதல் தடவை போனபோது, வரவேற்பறையில் ஒரு சான்றிதழ் தங்க ஃபிரேமில் தொங்கியது. ஹார்க்ரோவ் குடும்பம் அந்த மாவட்டத்தின் முன்னோடிக் குடும்பங்களில் ஒன்று, 1844-ல் வந்து குடியேறியது என்று உள்ளூர் முன்னோடிச் சங்கம் ஒன்று முத்திரை குத்திக் கொடுத்திருந்தது. போதாததற்கு டார்லீன் சுருள் கம்பி போட்ட புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். குடும்ப வரலாறு. அவளே எழுதியது.

"ஐந்து தலைமுறை" என்றாள் வார்த்தைகளை ரப்பர் மாதிரி இழுத்து இழுத்து. "உங்கள் குடும்பம் எவ்வளவு தூரம் பின்னால் போகும்?"

நஞ்சுண்டன் மூக்கால் காற்று விட்டார். "ஆயிரம் வருஷம்."

"ஆஹா! அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம். பெயர்களை மட்டும் எழுதிக் கொடுங்கள்."

பேனாவையும் நீட்டினாள். நஞ்சுண்டன் தன் பெயரை எழுதினார். அப்பா பெயரை எழுதினார். அப்பாவைப் பெற்ற அப்பாரு பெயர் கருப்பசாமி, அதையும் எழுதினார். அப்பாருவுக்கு அப்பன் யார்? பேனா நின்றுவிட்டது. டார்லீன் புன்னகை மாறாமல் காத்திருந்தாள். பக்கத்தில் தனபாக்கியம் டம்ளரில் இருந்த ஐஸ் டீயை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில், ஃப்ரீவேயில் ஏறியதும் நஞ்சுண்டன் வாய் திறந்தார்.

"அஞ்சு தலைமுறைக்கு ஒரு பொஸ்தகம். நேத்து வந்தவங்க. இவங்க வண்டவாளத்தை எடுத்துக் காட்டறேன் பாரு."

"நாலாவது பேரு உங்களுக்கு வரலீங்கறதுக்கு அந்தம்மா என்னங் மாமா பண்ணும்?" என்றாள் தனபாக்கியம்.

மறுநாளே வேலையில் இறங்கினார். பப்ளிக் லைப்ரரியில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைக் கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்கலாம். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கெடுப்பாளன் வீடு வீடாகப் போய்க் கையால் எழுதியவை. அவற்றைப் பார்த்ததும் நஞ்சுண்டனுக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி அருவருப்புதான். எழுத்தா அது? கோழி கிளறின மாதிரி இருந்தது. ஒரே ஆளுக்குப் பத்து வருஷத்தில் ஏழு வயதுதான் ஏறியிருந்தது. ஒரு பொம்பளை மூன்று கணக்கெடுப்பில் மூன்று மாநிலங்களில் பிறந்திருந்தாள். 1890-ஆம் வருஷத்துத் தாள்கள் பெரும்பாலும் தீயில் போய்விட்டன என்று லைப்ரரிக்காரி சொன்னபோது, "நல்லதாப் போச்சு" என்றார் தமிழில்.

ஆனால் குப்பையைக் கிளறுவதுதான் அவர் வாழ்நாள் தொழில். 1850-ஆம் வருஷத் தாள்களில் அந்த மாவட்டம் முழுக்கத் தேடினார். ஒரு ஹார்க்ரோவ்கூட இல்லை. 1860-லும் இல்லை. 1870-ல், புத்தகம் முன்னோடி என்று கொண்டாடிய, டார்லீன் புருஷனின் கொள்ளுத்தாத்தா எலைஜா அண்டை மாநிலமான ஆர்கன்சாவில், யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்காரப் பையனாக இருந்தான். 1880-ல் ஆளையே காணோம். பெயரை விட்டுவிட்டு, வயதையும் மனைவி பெயரையும் கொடுத்துச் சலித்ததில் 'ஹார்ட்கிரேவ்' என்று ஒருவன் மாட்டினான். டெக்சாஸ்தான், ஆனால் வேறு மாவட்டம். தொழில் பண்ணைக்கூலி. எழுதத் தெரியாது என்ற கட்டத்தில் ஒரு கோடு. 1900-ல் டார்லீன் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டான்; நிலம் சொந்தமா குத்தகையா என்ற கட்டத்தில் குத்தகை. முன்னோடியாம்! நஞ்சுண்டன் லைப்ரரி என்பதையும் மறந்து தொடையில் தட்டிக்கொண்டார்.

கல்லறையையும் ஒரு எட்டு பார்த்துவிட வேண்டும் என்று ஜூலை வெயிலில் தனபாக்கியத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஊருக்கு வெளியே, கம்பி வேலிக்குள் நாற்பது ஐம்பது கற்கள். சுற்றிலும் முள்மரம்.

"இது நம்மூரு சீமைக்கருவேல மரமாட்டவே இருக்குதே" என்றாள் தனபாக்கியம். "இந்தச் சனியன் இங்கிருந்துதான் வந்துச்சாக்கும்."

எலைஜாவின் கல் தூரத்திலிருந்தே பளபளத்தது. மெருகேற்றிய கிரானைட்; 'முன்னோடி. 1844-ல் டெக்சாஸ் வந்தவர்.' சுற்றியிருந்த கற்களெல்லாம் எழுத்து மங்கிச் சாய்ந்து கிடக்க, இது மட்டும் பேங்க் வாசல் போல நிமிர்ந்து நின்றது. அதன் காலடியில் புல்லை விலக்கினால் சிமெண்டில் வார்த்த சின்னப் பலகை ஒன்று. ஈரமாக இருந்தபோது ஆணியால் கீறியிருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து திரும்பிக் கிடந்தது. இறந்த வருஷம் மட்டும் இருந்தது.

"பாரு புள்ள, ஒரிஜினல் இதுதான். அப்பன் பேரைக்கூட நேரா எழுதத் தெரியாத பசங்க" என்று சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார். காலில் நெருப்பெறும்பு ஏறிவிட்டது. உதறிக்கொண்டு குதித்தார்.

தனபாக்கியம் குனிந்து அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியாட்டியும் எழுதியிருக்கறாங்களே" என்றாள். "உங்க அப்பாருக்கு என்னங் இருக்குது?"

"நம்ம பக்கம் எரிக்கறதுதானே."

"அது செரி" என்று சொல்லிவிட்டு ஏசி போட்ட காருக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டார்லீன் வீட்டில் சாப்பாடு. வெண்பாவும் கோடியும் வந்திருந்தார்கள். டார்லீன் காய்கறி மட்டும்தான் என்று சத்தியம் செய்து வைத்த பீன்ஸில் பன்றிக்கறித் துணுக்குகள் மிதந்தன. நஞ்சுண்டன் அதையும் மனதில் வரவு வைத்துக்கொண்டார். தனபாக்கியம் கொண்டுவந்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டு முடித்ததும் ஃபோல்டரை எடுத்து மேசையில் பரப்பினார். கணக்கெடுப்புத் தாள்கள் வருஷ வாரியாக. சிமெண்டுப் பலகையின் போட்டோ பெரிதாக்கி மேலே.

"அப்பா! வாட் இஸ் திஸ்?" வெண்பாவின் முகம் சிவந்துவிட்டது.

"டேட்டா" என்றார்.

டார்லீன் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டாள். ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். நஞ்சுண்டன் அவள் முகம் எப்போது விழும் என்று காத்திருந்தார். 1880-ஆம் வருஷத் தாளில் அவள் விரல் நின்றது.

"இவரை எப்படிப் பிடித்தீர்கள்? நானும் எத்தனையோ வருஷமாகத் தேடுகிறேன்!"

"பேரைத் தப்பா எழுதியிருக்கான். வயசை வெச்சுப் பிடிச்சேன்" என்றார் ஆங்கிலத்தில். பிறகுதான் உறைத்தது. "அப்படின்னா உங்களுக்கு மத்ததெல்லாம்..."

"தெரியாமல் என்ன? அந்தக் கிரானைட் என் மாமியார் வாங்கி நட்டது. சர்ச்சில் எல்லாரும் முன்னோடி வம்சம் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தார்கள், அவளுக்குப் பொறுக்கவில்லை. சான்றிதழ் கொடுக்கச் சங்கத் தலைவி பெக்கி கல்லை மட்டும்தான் பார்ப்பாள். கணக்கெடுப்பெல்லாம் பார்க்க மாட்டாள். பார்த்தால் அவள் கதையும் நாறிவிடுமே."

வெட்கமே இல்லாமல் சிரித்தாள். பிறகு ஃபோல்டரை ஒழுங்காக அடுக்கியபடி கேட்டாள்: "சரி, அந்த ஆயிரம் வருஷம் என்ன ஆயிற்று?"

நஞ்சுண்டனின் அப்பாரு பெரிய பண்ணையம் வைத்திருந்ததாக ஃபிரிஸ்கோவில் பலருக்கும் ஓர் எண்ணம் இருந்தது. அதை உண்டாக்கியவர் அவர்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் தனபாக்கியம் தன் இங்கிலீஷில் முந்திக்கொண்டாள்.

"ஹிஸ் கிராண்ட்ஃபாதர், நோ லேண்ட். அதர் பீப்பிள் லேண்ட். காட்டன் பிக்கிங்."

"பருத்தியா?" டார்லீன் மேசையில் ஓங்கித் தட்டினாள். "எலைஜாவும் அதே பருத்திதான்!"

வெண்பா சிரித்தாள். எதற்கென்று புரியாமலே கோடியும் சிரித்தான். நஞ்சுண்டனுக்கு அந்த நிமிஷம் மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரையும் பிடிக்கவில்லை. பொய் பிடிபட்டால் கூனிக் குறுக வேண்டாமா மனுஷ ஜென்மம்? இந்த அம்மா இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டுக்கொள்கிறாளே! கட்டிக்கொண்டவளோ எதிரிக்குச் சாட்சி சொல்கிறாள்.

எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் டார்லீன் இரண்டு கோப்பை காப்பியுடன் வந்தாள். அது காப்பியே இல்லை, கழுநீர், இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

"பெக்கியின் கொள்ளுத்தாத்தா கேப்டனாம்" என்றாள் குரலைத் தாழ்த்தி. "மெக்சிகோ சண்டையில் குதிரைப்படை நடத்தினாராம். ஊரில் ஒரு தெருவுக்கே அவர் பெயர். எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை. உங்களுக்கு நேரம் இருக்குமா?"

நஞ்சுண்டன் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. கண்ணாடியில் தினமும் பார்ப்பது.

"அந்தாளு பொறந்த வருஷம் தெரியுமா?" என்று கேட்டார்.

கல்யாணம் அக்டோபரில் கோயிலில் நடந்தது. மாங்கல்யதாரணம் முடிந்து எல்லாரும் பந்திக்கு நகர்ந்தபோது, சம்பந்திகள் இருவரும் ஓரமாக நாற்காலி போட்டு ஒரே போனில் எதையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதிரைப்படை நடத்திய சண்டையின்போது கேப்டனுக்கு ஏழு வயது.

வெளியே சொல்லவில்லை. சொல்லிவிட்டால் பெக்கியை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அப்புறம் அவளைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு டார்லீன் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பெக்கி இரண்டு விரலால் கை கொடுத்து, எங்கள் நாடு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். ரொம்பப் பிடித்திருக்கிறது, முக்கியமாக அதன் வரலாறு என்றார் நஞ்சுண்டன். டார்லீன் நாப்கினால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் டார்லீனின் பிக்கப் டிரக் ஃபிரிஸ்கோ வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பின்னால், பழைய கல்லறைக் கற்களைத் தேய்த்துப் படிக்க பிரஷ், தண்ணீர் கேன், எறும்பு மருந்து. எதிர்வீட்டு ஸ்ரீநிவாஸைப் பற்றி மூக்கால் காற்று விடக்கூட அவருக்கு நேரமில்லை. ஒரு தடவை பல்லடத்திலிருந்து அவர் தங்கை போன் பண்ணி, அண்ணன் எங்கே என்று கேட்டபோது தனபாக்கியம் சொன்னாள்:

"சம்பந்தியம்மா கூடச் சுடுகாட்டுக்குப் போயிருக்கறாருங். சாயங்காலம் வந்துருவாரு."

"அய்யோ, ஆருங் போய்ட்டாங்க?" என்று அந்தப் பக்கம் தங்கை பதறினாள். தனபாக்கியம் விளக்கம் எதுவும் கொடுக்காமல் மழை தண்ணி எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.