ஸ்பானரின் பசி

இரு சக்கர வண்டிப் பட்டறை நடத்திய அவளை எல்லாரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளும் பட்டறையைத் திறந்தாள். ஆனால் போகப்போக உடம்பு கரைந்தது. கால்சட்டை நிற்காமல் கயிறு போட்டு இறுக்கினாள்.

கணவன் பள்ளி வேன் ஓட்டுபவன். வேலை முடிந்ததும் நேரே அடுப்படிக்குப் போவான். சூப்பும் மசித்த உருளைக்கிழங்குமாகக் கொண்டுவந்து எதிரில் உட்காருவான்.

"ரெண்டே வாய்."

"வாசனையே குமட்டுது. எடுத்துட்டுப் போ."

"வீம்பு பண்ணாத. சாப்பிட்டாத்தான உடம்பு தேறும்?"

கிண்ணம் பறந்தது.

இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மருத்துவரிடம் போனார்கள். அந்த அம்மா கணவனைப் பார்த்துச் சொன்னார்: "இது வீம்பு இல்லைங்க. நோயே பசியை அடக்கிடுது, தசையையும் கரைக்குது. நீங்க திணிச்சா சரியாகாது." பிறகு ஒரு மாத்திரை எழுதினார். "மனநோய்க்குக் குடுக்குறதுதான். கொஞ்ச அளவுல குடுத்தா குமட்டல் குறையும், பசி எடுக்கும். தூக்கமும் வரும். ஆனா போன எடை எல்லாம் திரும்பிடும்னு வாக்கு குடுக்க மாட்டேன்."

விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"பைத்தியத்துக்குத் தர்ற மாத்திரையா? வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். பேசாம பட்டறையை வித்துட்டு வீட்டுல கிட."

ஸ்பானர் அவள் கண்ணெதிரேயே மாத்திரையை விழுங்கினாள்.

"பைத்தியம்னே சொல்லிக்கோங்க அண்ணி. பசிக்கிற பைத்தியமா இருந்துட்டுப் போறேன்."

முதலில் தூக்கம்தான் வந்தது. அடித்துப் போட்டதுபோலக் கிடந்தாள். கணவன் எதையும் நீட்டவில்லை. ஒருநாள் தனக்காக முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எனக்கு எங்க?"

அவசரத்தில் அடுத்த முட்டையைத் தரையில் உடைத்தான். அவள் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

எடை இறங்குவது நின்றது. கொஞ்சம் ஏறவும் செய்தது, அவ்வளவுதான். காலையில் தலை கனத்ததால் பட்டறையை மத்தியானத்துக்குமேல் திறந்தாள். வந்த வாடிக்கையாளர் ஒருவர் அவள் மெலிந்த கையைப் பார்த்துத் தயங்கினார்.

"இந்த உடம்போட எப்படிங்க...?"

"வண்டி ஓடணுமா, நான் குண்டாகணுமா?"

அவர் சாவியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த ஸ்கேன் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த வாரம் நாத்தனார் அனுப்பிய ஆள் பட்டறையை விலைக்குக் கேட்டு வந்து நின்றார். ஸ்பானர் ஒரு டயரை அவர் கையில் திணித்தாள்.

"சும்மா நிக்காம இதைப் பிடிங்க."