அறுபது குறுந்தகடுகளும் ஓர் எஃகு ஊசியும்

எண் இல்லாத பொருள் ராணுவத்தில் இருக்கக் கூடாது என்பது ஆவணக் கிடங்கு எழுத்தரின் வேதம். இருபத்தாறு வருடங்களாக நாற்காலி, சுவர்க்கடிகாரம், தேநீர்க் கோப்பை எதையும் அவருடைய எஃகு ஊசி விட்டுவைத்ததில்லை. தன் அக்கா வீட்டுக் கரண்டிகளிலும் எண் உண்டு என்று கணினிப் பிரிவில் இருந்த அவர் மச்சினன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பொய்யில்லை.

நாலாயிரம் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகள் குறுந்தகடுகளுக்கு மாறியபோது, பயிற்சி தர வந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: மினுங்கும் பக்கத்தைத் தொடாதீர்கள். எழுத்தர் தொடவில்லை. மெத்தென்ற துணியில் அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து, மேல்பக்கத்தில் ஆறு இலக்க எண்ணை அழுத்திப் பொறித்தார். அறுபது தகடுகள், ஒரு விரல்ரேகை கிடையாது.

பழைய காகிதப் பதிவேடுகளை மூட்டை கட்டிச் சூளையில் எரிக்கும் நாளன்று மச்சினன் ஒரு தகட்டை எடுத்தான்.

“இது என்ன மாமா?”

“கிடங்கு எண். மேல்பக்கம்தான், பதறாதே.”

மச்சினன் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கினான். இலக்கங்களின் வழியே வெளிச்சம் ஒழுகியது.

“பதிவே மேல்பக்கத்துலதான் மாமா ஒட்டியிருக்கு. அதுக்கு மேல வெங்காயத்தோல் மாதிரி ஒரு பூச்சு, அவ்வளவுதான். கீழ்ப்பக்கம் கீறியிருந்தாகூடத் தேய்ச்சுச் சரிபண்ணியிருக்கலாம்.”

முதல் தகட்டைக் கணினி விழுங்கி, முனகி, துப்பியது. இரண்டாவதையும் அப்படியே. ஏழாவதில் மச்சினன் கேலியை நிறுத்திவிட்டான். அதுதான் பயமாக இருந்தது.

“கணினியில இருந்ததை அழிச்சாச்சு. இன்னொரு நகல் இருக்குல்ல?”

“ரெண்டு பொருளுக்கு ஒரே எண் போட முடியாதுன்னு… நான்தான் வேண்டாம்னேன்.”

பேருந்தைக்கூடத் துரத்தாத மனிதர் கொல்லைப்புறச் சூளைக்கு ஓடினார். ஏழு மூட்டைகளில் இரண்டு சாம்பலாகியிருந்தன. ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்கள் படையில் இருந்தார்கள் என்பதற்கு, ஓய்வூதியம் கேட்டு வந்தால் காட்டுவதற்கு, இனி ஒரு துண்டுத்தாள் இல்லை. மூன்றாவது மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“எழுந்திருங்க சார்,” என்றார் சூளைக் காவலர். “எரிக்கச் சொல்லி உங்க கையெழுத்துதானே இருக்கு.”

“நிறுத்தச் சொல்றதும் நான்தான்.”

“அதுக்கு உத்தரவு வேணுமே. உங்களோட சேர்த்து எரிக்கவும் எனக்கு உத்தரவு இல்ல, அதான் யோசிக்கிறேன்.”

அதற்குள் மேஜர் வந்துவிட்டார். “யாரு செஞ்ச வேலை இது?”

மேஜரைக் கண்டால் நாற்காலி சாய எழுந்து நிற்பவர், எழுந்திருக்கவில்லை.

“நான்தான் சார். மிச்சம் அஞ்சு மூட்டை இருக்கு.”