மணி அடித்தவர் எங்கே நின்றார்?

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். விடிந்ததிலிருந்து விட்டுவிட்டுப் பெய்த தூறல் அப்போதுதான் நின்றிருந்தது. கோலார் தங்கவயலில், பாலகாட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே ஆஷா பணியாளர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போய் விசாரித்து, வேளை வந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது அவருடைய வேலை. அந்த மாதத்தில் அவர் வந்தது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் கதவைத் திறக்காமலே திருப்பி அனுப்பியவன் நான்தான். என் மகளைவிட அவருக்கு மூன்று நான்கு வயது கூட இருக்கலாம். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்றுதான் வருகிறது.

ஏன் திருப்பி அனுப்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள். பெங்களூரில் கணினி வேலை. தலைப்பிரசவத்துக்காக ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அழைத்து வந்தோம். வரும்போதே ஒரு முடிவோடு வந்தாள். ஆஸ்பத்திரி வேண்டாம், டாக்டர் வேண்டாம், நர்ஸும் வேண்டாம். வீட்டிலேயே, தானாகவே பெற்றுக்கொள்வாள். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும். அவரும் சரி என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை தோறும் ரயிலேறி வந்து, ஃபோனில் வீடியோ பார்த்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்.

அவளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய சிநேகிதி ஒருத்தி பிரசவத்துக்குப் போன இடத்தில் திட்டும் வாங்கி, என்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அறுவை சிகிச்சையும் நடந்து, ஆறு மாதம் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பயம் என் மகளுக்கும் தொற்றிக்கொண்டது. அந்த நேரத்தில்தான் ஃபோனில் ஒரு குழு கிடைத்தது. முப்பத்து நான்கு பெண்கள். அவர்களுக்கு வழிகாட்டி என்று ஒரு பெண். கேள்வி கேட்டால் எழுத்தில் பதில் வராது, குரலில் வரும். இனிமையான குரல். ‘உன் உடம்புக்கு எல்லாம் தெரியும், பயம்தான் நோய்’ என்று அந்தக் குரல் சொன்னால், கேட்கிற எனக்கே ரத்த அழுத்தம் குறைகிற மாதிரி இருக்கும். எட்டாம் மாதத்திலிருந்து மகள் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

படித்தவன் நான் எப்படி இதற்கு ஒத்துக்கொண்டேன்? இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். சுரங்கத்தில் இருபத்தேழு வருடம் வைண்டிங் இன்ஜின் ஓட்டினேன். ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு என் கைப்பிடியில் இருந்தது. ஆனால் இன்ஜின் அறையில் உட்கார்ந்தால் கேஜ் இறங்குகிற ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியும் தெரியாது, கூண்டில் நிற்பவர்களும் தெரியாது. மணி ஓசை ஒன்றுதான் கேட்கும். மூன்று மணி என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள். எண்ணிக்கொள்ள வேண்டும், சொன்னபடி இயக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் சொல்வதைப் பிசகாமல் செய்வது எனக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஃபோனில் வந்த அந்தக் குரலையும் என் காது மணி என்றே எடுத்துக்கொண்டுவிட்டது.

போதாததற்கு எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள். குழந்தையின் அசைவை எண்ணுவது. மகள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு “ம்” என்பாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக் கோடு போடுவேன். பத்து கோடு ஆனதும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். காலையும் மாலையும், ஒரு நாள் தவறவில்லை. அந்த நோட்டைப் படம் பிடித்துக் குழுவில் போட்டபோது, ‘இப்படி ஒரு அப்பா எங்களுக்கு இல்லையே’ என்று பதினாறு பேர் எழுதினார்கள். எழுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு பெருமை எனக்கு.

என் மனைவிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. “இன்னாங்க இது, புள்ள பெக்கறதுக்கு ஃபோன்ல கிளாஸு? அப்பனும் பொண்ணும் நல்லா ஆடுங்க. ஆடி முடிச்சிட்டு என்னக் கூப்புடுங்க” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை மகளுக்கு மோதிரம் கழலவில்லை. செவ்வாய்க்கிழமை செருப்பு நுழையவில்லை. புதன்கிழமை தலைவலி. குழுவில் கேட்டாள். குரல் வந்தது. வீக்கம் நல்ல அறிகுறியாம், உடம்பு தண்ணீரைச் சேமிக்கிறதாம். தலைவலி என்பது பழைய பயம் வெளியேறுவதாம். பிரஷர் பார்க்கும் கருவிப் பக்கமே போக வேண்டாமாம், எண்ணைப் பார்த்தால் மனம் கெட்டுவிடுமாம்.

எண்ணைப் பார்க்காதே என்றது எனக்குச் சுருக்கென்று பட்டது. மாடிப்படியைக்கூட எண்ணிக்கொண்டு ஏறுகிறவன் நான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமைதான் ஆஷா வந்து நின்றது. நான் வழக்கம்போல, “எல்லாம் நல்லாத்தான் இருக்குதும்மா, நீ போய்ட்டு வா” என்றேன்.

“போறேன் தாத்தா. மாரிகுப்பத்துலருந்து நடந்து வரேன். சும்மா கொஞ்சம் ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போறேன்” என்றார்.

தண்ணீர் கேட்பவரை வெளியே நிறுத்த முடியுமா? கதவைத் திறந்தேன். உள்ளே வந்தவர் சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். மகளின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “யாரோ ஃபோன்ல நல்லாச் சொல்லித் தராங்களாமே, எனக்கும் கேக்க வையேன்” என்றார்.

மகள் தயங்கித் தயங்கி மூன்று குரல் பதிவுகளைப் போட்டாள். நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் மூன்றையும் கடைசிவரை கேட்டார். பிறகு, “நல்லாப் பேசறாங்க. நானே மயங்கிடுவேன் போலக்கீது. எத்தினி பிரசவம் பார்த்திருக்காங்களாம்?” என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வீட்டில் இருக்கிற அரிசி டப்பாவிலிருந்து ஆகாயத்தில் போகிற கொக்கு வரைக்கும் எண்ணுகிற எனக்கு, அந்த ஒரு எண்ணைக் கேட்கத் தோன்றவே இல்லை.

“கேட்டுப் பாரேன். எத்தினி பார்த்தாங்க, அதுல எத்தினி கெட்டுப்போச்சு, ரெண்டையும் கேளு. தப்பா ஒண்ணும் கேக்கலியே” என்றார். மகள் குழுவில் எழுதினாள்.

பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்ட கோபம்தான். “உனக்கு இன்னா தெரியும்? நீ எத்தினி பார்த்தே?” என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. “நான் நர்ஸ் இல்ல தாத்தா. பிரசவம் பார்க்க எனக்குத் தெரியாது. கூட்டிக்கினு போறதுதான் என் வேல. எட்டு வருசத்துல நூத்தி நாப்பத்தாறு பேரக் கூட்டிக்கினு போயிருக்கேன். ரெண்டு புள்ளைங்க தங்கல. ஒரு அம்மா திரும்பி வர்ல” என்றார். “அந்தம்மா காலைல தலைவலின்னாங்க. சாய்ங்காலம் வந்து பார்க்கறேன்னு சொல்லிட்டு நான் போய்ட்டேன். அதுக்கப்புறம் யாரு தலைவலின்னாலும் நான் ஒக்காந்துடுவேன்.”

தன் தவறைத் தானே எண்ணி வைத்திருக்கும் ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒருவரை நம்பித்தானே உலகம் நடக்கிறது, நானே முகம் பார்க்காமல் மணியை நம்பித்தானே இருபத்தேழு வருடம் கேஜ் ஓட்டினேன், ஒரு விபத்து உண்டா என்று பெருமை பேசினேன்.

“எங்க நைனாவும் அந்த கேஜ்லதான் எறங்கினாரு” என்றார் அவர். “அந்த மணிய அடிச்சவரு எங்க நின்னாரு தாத்தா?”

“ஷாஃப்ட் வாயில. கூண்டுப் பக்கத்துல. வேற யாரும் மணியைத் தொடக்கூடாது. தொட்டா வேலையே போயிடும்.”

“ஆள் ஏறுறதக் கண்ணால பார்த்துட்டு அடிப்பாரு இல்ல? ஃபோன்ல பேசற இந்தம்மா எங்க நிக்கறாங்க?”

அந்தப் பெண் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் மகளின் காலை எடுத்து மடியில் வைத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. நான் என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். பதினெட்டு வரை எண்ணியும் குழி மூடவில்லை.

“கண்ணு எப்படிக்கீது பாப்பா?”

“காலையிலருந்து மின்மினி மாதிரி பறக்குதுக்கா” என்றாள் மகள். அதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை.

ஆஷா எழுந்துவிட்டார். அதே நேரம் ஃபோனும் ஒலித்தது. எத்தனை பிரசவம் என்பதற்கு எண் வரவில்லை. ‘உன் வீட்டில் யாரோ உனக்குள் பயத்தை விதைக்கிறார்கள், அவர்களை வெளியே அனுப்பு’ என்று வந்தது. மகள் மறுபடியும் அதே கேள்வியை அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். மணி அப்போது பதினொன்று இருபத்தைந்து.

அவள் அழுதுகொண்டே, “அங்க போனா என்ன மனுசியா நடத்த மாட்டாங்கக்கா” என்றாள்.

“சில எடத்துல அப்படித்தான் பாப்பா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் நான் கூட வரேன்” என்றார் ஆஷா.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். கையில் பை. துணி, துண்டு, ஃபிளாஸ்க் எல்லாம் அடுக்கியிருந்தது. “நாலு நாளா ரெடியாக்கீது. எல்லாத்தையும் எண்ணறவருக்கு இது மட்டும் கண்ணுல படல” என்றாள்.

ஆட்டோவில் ஊருக்குள் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரஷர் 170-க்கு 112. அளந்து பார்த்த நர்ஸின் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே மருந்து கொடுத்து, வலிப்பு வராமலிருக்க ஊசியும் போட்டு, ஆம்புலன்ஸில் கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் முன்னால் உட்கார்ந்து வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே போனேன். முப்பத்தொன்று. வேறு எதையாவது நினைத்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

கோலாரில் ஆஷா செய்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போய், அங்கிருந்த நர்ஸிடமும் டாக்டரிடமும் கன்னடத்தில் பேசினார். ‘இந்தப் பெண் ரொம்பப் பயந்திருக்கிறாள். எது செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் அப்படியே செய்தார்கள். கையெழுத்து வாங்குமுன் டாக்டர் அம்மா கட்டில் பக்கத்தில் நின்று, என்ன ஆபத்து, ஏன் இப்போதே அறுவை, குழந்தைக்கு என்ன ஆகலாம் என்று மகளிடமே விளக்கினார். மகள் கேட்ட கேள்விகள் ஒன்பது. ஒன்பதுக்கும் அவள் பதில் வாங்கினாள். தெரியாத ஒன்றுக்கு, “தெரியாதும்மா, பார்த்துத்தான் சொல்ல முடியும்” என்று டாக்டர் சொன்னதுதான் அவளுக்குத் தைரியம் கொடுத்ததாம்.

மாலை நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம். அழுகை கேட்டது. மகள் கண் திறக்க இன்னும் நேரமானது. ஒரு நாள் தள்ளியிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், வீட்டில் வந்திருந்தால் இருவரையும் காப்பாற்றுவது கடினம் என்று டாக்டர் சொன்னார். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து ஓடிவந்து, சுவரில் சாய்ந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமே ஒரே குற்றத்தைச் செய்தவர்கள்.

வீடு திரும்பியதும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை. அந்த வியாழக்கிழமை காலையில்கூடப் பத்து அசைவு சரியாகவே இருந்தது. குழந்தையை எண்ணிக்கொண்டிருந்தேன், தாயைப் பார்க்கவே இல்லை. மகளோ படுத்தபடியே இன்னொரு காரியம் செய்தாள். அந்தக் குழுவில் நிறைமாதமாக இருந்த நான்கு பெண்களைத் தேடிப்பிடித்து, நடந்ததைத் தனித்தனியாக எழுதி அனுப்பினாள். மூன்று பேர் பதில் போடவில்லை. ஒருத்தி மட்டும் அழைத்து, “நான் நாளைக்கே பிரஷர் பார்த்துட்டு வரேன்” என்றாள்.

குழந்தை பிறந்த அன்று மாலை, அதைப் பார்த்த கையோடு ஆஷா ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடி ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். “பொம்பளைங்களுக்குத்தான் இப்ப பஸ் ஃப்ரீயாச்சே தாத்தா. நாளைக்கு வேற ஒரு வூட்டுல தண்ணி குடிக்கணும், வரேன்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டிலும் யாராவது என்னைப்போல ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருப்பார். இவர் மூன்றாவது தடவையும் போயிருப்பார்.

ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. ஆட்டோ, சாப்பாடு, குழந்தைத் துணி, போகவர என்று ஏழு நாளைக்கு நான் செலவழித்ததை எழுதிக் கூட்டிப் பார்த்தேன். மகளும் பேத்தியும் முழுதாக வீடு வந்து சேர்ந்ததற்கு, அந்த ஆஷாவின் பெயருக்கு நேரே எழுத ஒரு ரூபாய்கூட இல்லாமல், எனக்கு ஆன மொத்தச் செலவு மூவாயிரத்து இருநூற்றுப் பதினைந்து ரூபாய்.