பால்கனியில் மட்டும் தமிழ்

கதவைத் திறந்தவளிடம், "வணக்கம்க்கா, ஜாதவ்பூர்ல இருந்து வர்றேன்" என்று வாய் நிறையச் சொன்னேன். அவ்வளவுதான், அவள் முகம் வெளிறிப் போயிற்று. உதட்டின்மேல் விரலை வைத்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்தையும் சமையலறையையும் தாண்டிப் பின்பக்கத்துச் சின்ன பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதவை நன்றாகச் சாத்திவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவில் நின்று மூச்சு விட்டாள். "இனிமே பேசு பிள்ள. உள்ள வச்சுத் தமிழ் பேசக் கூடாது. டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள். அதற்கப்புறம் என்னை எங்கே பேச விட்டாள்? நான் எந்த ஊர், என்ன சாப்பிட்டேன், இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள்; தமிழைவிட வங்காளம் எனக்குச் சரளமாக வரும். ஜாதவ்பூரில் ஒரு மாடி வீட்டில் நடந்துவந்த சிறிய ஆய்வு மையத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள், பேச்சு வராதபோது வேறு எப்படித் தெரியப்படுத்துகிறார்கள் என்பதுதான் ஆய்வு. வீடு வீடாகப் போய், தாயும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் நேரத்தை டேப்பில் பதிவு செய்வேன். பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொல்லுக்குச் சொல் எழுதுவேன். மௌனத்தைக்கூட விடாமல் குறிப்பேன். லேக் கார்டன்ஸில் இருந்த அந்த வீட்டுக்கு என்னை அனுப்பியதே எனக்குத் தமிழ் தெரியும் என்பதற்காகத்தான். போன இடத்தில் தமிழுக்குத் தடை என்றால் சிரிப்பதா அழுவதா?

அக்காவுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கணவர் வங்கி அதிகாரி, சாது. ஒரே பையன், அப்போது ஏழு வயது இருக்கும். அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அழகான பிள்ளை. பட்ஜ்பட்ஜ் ரயில் போகிற சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவான். போகிற போக்கில் அம்மாவின் தலைமுடியை முகர்ந்துவிட்டுப் போவான். டிவி விளம்பரத்தில் வருகிற வரிகளை அதே ராகத்தில் சொல்வான். மூன்று வயதுக்கு முன்னால் அம்மா, தண்ணி, நிலா என்று சில வார்த்தைகள் வந்தனவாம்; பிறகு ஒவ்வொன்றாக நின்றுவிட்டனவாம். டாக்டரிடம் காட்டப்போன இடத்தில், வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் இங்கிலீஷ் என்றால் பிள்ளை குழம்பித்தான் போவான், ஒரே பாஷையில் பேசுங்கள், இங்கிலீஷே நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாளில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். தன் தமிழ்தான் பிள்ளையின் பேச்சைப் பறித்துவிட்டது என்று அக்கா நம்பிவிட்டாள். "அவன் என்கூட நாலு வார்த்த பேசணும் பிள்ள. அதுக்காக நான் ஊமையாப் போகணும்னாலும் சரி" என்றாள்.

முக்கால்வாசி ஊமையாகத்தான் போனாள். பால்கனியில் வாய் ஓயாத மனுஷி அவள். மீன்காரன் பேரம் பேசுவதையும், கீழ்வீட்டு வங்காளத்து அண்ணி மாமியாரைத் திட்டுவதையும் அப்படியே நடித்துக் காட்டுவாள்; எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். கதவைத் திறந்து உள்ளே வந்தால் வேறு ஆள். தமிழ் மீடியத்தில் படித்தவள். "கம். சிட். ஈட். குட் பாய்." அதோடு சரக்கு தீர்ந்துவிடும். பிறகு பிள்ளையின் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். "எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் பூராவும் நாய்க்குச் சொல்லுத இங்கிலீஷ்" என்று ஒருநாள் அவளே சொல்லிச் சிரித்தாள். சாயங்காலம் கணவர் வந்து பையனோடு இங்கிலீஷில் பேசும்போது வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடுவாள். யார் வருவதாகச் சொன்னாலும் ஏதாவது சாக்குச் சொல்லி வரவிடாமல் செய்தாள். தாத்தா பாட்டிக்குப் பேரனோடு பேச இங்கிலீஷ் எங்கே தெரியும்?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். எங்கள் பேராசிரியரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். வங்காளி; அவர்கள் வழக்கப்படி எல்லோரும் அவரைத் தீதி என்றுதான் கூப்பிடுவோம். "இதென்ன தீதி அநியாயம்? ஒரு தாய் பெற்ற பிள்ளையைக் கொஞ்சக்கூட இந்த டாக்டர்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?" என்று கேட்டேன். "எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆனால் தவறு என்று சொல்ல என் கையில் எதுவும் இல்லை. வைத்தியம் சொன்னவர் வேறு, பார்த்து எழுதுகிறவர்கள் நாம்" என்றார் தீதி. இதற்கிடையில் தம்பி ஒருநாள் காலி டம்ளரை நீட்டி "வாண்ட் வாட்டர்" என்று சொல்லிவிட்டான். அக்கா கரியாஹாட் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் சந்தேஷ் மிட்டாய் வாங்கிவந்து மாடிப்படி ஏறி இறங்கி வீடு வீடாகக் கொடுத்தாள். டாக்டர் சொன்னது பலித்துவிட்டது என்று அவள் பூரித்தபோது நான் என்ன சொல்ல முடியும்? இனிப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

வருஷங்கள் ஓடின. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களுக்குப் பிறகு, எங்கள் மையத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. தீதியே எழுந்து பேசினார். வீட்டு மொழி பிள்ளைக்குக் கெடுதல் செய்யும் என்று நினைத்ததற்கு ஆதாரமே கிடையாது, எந்த மொழியில் உங்களுக்குக் கொஞ்சவும் திட்டவும் வருமோ அந்த மொழியிலேயே பிள்ளையிடம் பேசுங்கள் என்றார். நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அசையாமல் கேட்டாள். கடைசியில், "இத எப்பக் கண்டுபிடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள். டாக்ஸியில் வீடு போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருந்தாள். தனியாகச் செய்யப் பயமாம். தம்பிக்கு அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்தது. கூடத்துச் சோபாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராசா, பசிக்கா? அம்மா சோறு ஊட்டட்டுமாய்யா?" என்றாள். எத்தனையோ வருடம் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் அந்தக் குரலில் இருந்தது. தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். எழுந்தான். அவள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துச் சமையலறை வழியாக அழைத்துப் போனான். அவளைப் பால்கனியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். முகத்தில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. எப்போதும் நடக்கிற ஒரு காரியத்தைத்தான் செய்தான். திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டான்.

நான்தான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவன் சரியாத்தான செய்யுதான்? அம்மா தமிழ் பேசுனா வெளிய போவா, கதவச் சாத்தணும். நாந்தான படிச்சுக் குடுத்தேன்" என்றாள். அவள் அழவில்லை. நான் அழுதேன், கூச்சமில்லாமல் விக்கி விக்கி அழுதேன். அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. முணுமுணுத்துப் பார்த்தாள், பாடிப் பார்த்தாள், ஒற்றை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் வந்து கையைப் பிடித்தான். மழையில்கூட வெளியே விட்டான். ஒருநாள் அவள் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்க, அவன் தன் கையைத் தானே கடித்து ரத்தம் வரவழைத்துக்கொண்டான். அன்றோடு தமிழை நிறுத்திவிட்டாள்.

இப்போது எங்களைத் தேடி வருகிற பெற்றோரிடம், மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் முதலில் சொல்வதே இதுதான்: உங்கள் மொழியில் பேசுங்கள். அதைக் கேட்டதும் அந்தத் தாய்மார்களின் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கூடவே அக்காவின் பால்கனியும் நினைவுக்கு வருகிறது.

அக்காவின் கணவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே பாளையங்கோட்டையில் வீடு கட்டி வைத்திருந்தார். ஊருக்குப் போனதும் வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி பேசப்போகிறேன் என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஓய்வு பெற்ற வருடம் அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். விற்கச் சொன்னது அக்காதானாம். கேள்விப்பட்டதும் எனக்குத் தாங்கவில்லை, நேரே லேக் கார்டன்ஸுக்குப் போய், "ஏன்க்கா, அவ்வளவு ஆசையா இருந்தீங்களே?" என்று கேட்டேன். என்னைப் பால்கனிக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் பதில் சொன்னாள்.

"அங்க பால்காரன்ல இருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைய வரைக்கும் எல்லாரும் தமிழ்தான பேசுவாங்க. அவன் எத்தன பேரக் கூட்டிட்டுப் போயி வெளிய விடுவான், சொல்லு? பாவம், அவனுக்குக் கை வலிக்கும்லா."