கேட்டுக்கு வந்த மக்கன் பேடா

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் அவர் காவல் இருந்தார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரையும் போல நானும் பாய் என்றே கூப்பிட்டேன். மருதாணி போட்ட தாடி, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை.

'ஸ்வீட்' என்ற ஒரு சொல்லை வைத்தே அவர் முழு நாளையும் ஓட்டிவிடுவார். மிருதுவான தோல் வந்தால் அது ஸ்வீட். கத்தாத மேனேஜரும் ஸ்வீட்தான். குழந்தை பிறந்தவன் வாசலைத் தாண்டினால், "இன்னாப்பா, ஸ்வீட் எங்க?" என்று மறிப்பார். தன் சர்க்கரை நோயைக்கூட, "உடம்புல ஸ்வீட் கொஞ்சம் ஜாஸ்தி சார்" என்றுதான் சொன்னார்.

அன்று வெளிநாட்டு வியாபாரி ஒருவர் உள்ளே மாதிரி ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் தையல் லைன் ஒன்றை மூடிவிடுவார்கள். பாயின் மகள் அந்த லைனில்தான் வேலை செய்தாள். பத்திரிகைச் செய்திக்காக நானும் வாசலில் காத்திருந்தேன்.

"முடிவு எப்படித் தெரியும் பாய்?"

"ஆர்டர் ஓகேன்னா உள்ள எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்துட்டு, கடைசியா கேட்டுக்கு வரும் சார். வரலன்னா இல்ல."

மூன்று மணிக்குத் தட்டு வந்தது. பாகில் ஊறிய ஆற்காட்டு மக்கன் பேடா. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றை எடுத்து டிபன் மூடியில் வைத்தார்.

"உங்களுக்கு ஆகாதே பாய்?"

"எனக்கா? பொண்ணுக்கு சார்."

மகளுக்கு உள்ளேயே கொடுத்திருப்பார்களே என்பது தெருமுனைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். குழாயடியில் நின்று டிபன் மூடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.